பன்னிரண்டு வரி

ஆறாம் பக்கத்தின் இடது மூலை என்னுடையது.
‘இன்று’ என்று தலைப்பு. பன்னிரண்டு வரி.
குறுக்கெழுத்துக்கும் ராசிபலனுக்கும் நடுவில்
தீப்பெட்டி அகலத்தில் ஓர் இடம்.

யூலை இருபத்து நான்கு.
அமெரிக்கப் பட்டியல் வந்துவிட்டது,
எப்போதும் அதுதான் முதலில் வரும்.
ஒரு பாடகி, ஒரு நடிகை, கூடைப்பந்துக்காரர் ஒருவர்.
எல்லோருக்கும் வாழ்த்து,
ஆளுக்கு அரை வரி.

1897. கன்சாஸில் ஒரு பெண் பிறக்கிறாள்,
அட்லாண்டிக்கைத் தனியே பறந்து கடக்கப்போகிறவள்.
பிறகு பசிபிக்கின் மேல் காணாமற் போனாள்.
அதை இன்று எழுத முடியாது,
அது யூலை இரண்டில் வரும்.
காணாமற் போனோருக்கு எங்கள் பத்திரிகையில்
வேறு பக்கம்.

1969. நிலவுக்குப் போன மூவர் கடலில் இறங்குகிறார்கள்.
அவர்கள் பெயரிலும் ஒரு சுங்கப் படிவம் உண்டாம்.
எங்கிருந்து: நிலவு.
கொண்டுவந்தது: கல், தூசி.
கீழே மூன்று கையெழுத்து.
தேநீர் புரையேறச் சிரித்தேன்.
வெள்ளவத்தைப் பொலிசில் நான் நிரப்பிய தாளிலும்
அப்படியொரு கட்டம் இருந்தது.
எங்கிருந்து வந்தாய், ஏன் வந்தாய், எப்போது போவாய்.
நிலவு என்று எழுத
அன்றைக்குத் தோன்றவில்லை.

1983. நியூயோர்க்கில் பேஸ்போல், கடைசிச் சுற்று.
ஒருவர் அடித்த பந்து வேலி தாண்டுகிறது.
நடுவர்கள் மட்டையைத் தரையில் கிடத்தி அளக்கிறார்கள்.
பிடியிலிருந்து பதினெட்டு அங்குலத்துக்கு மேலும்
பைன் பிசின் ஏறியிருக்கிறது. அவுட்.
மட்டைக்காரர் கையை வீசிக்கொண்டு பாய்ந்து வருகிறார்.

ஒன்பதரை மணித்தியாலம் கூட்டிப் பார்த்தேன்.
அங்கே வெயில் சாயும்போது இங்கே நள்ளிரவு கழிந்துவிட்டது.
பொரளையில் ஏற்கெனவே வெளிச்சம்.
அந்த இரவில் எதையும்
யாரும் கிடத்தி அளக்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது பட்டியலில்:
முறையீடு செய்தார்களாம், ஏற்றுக்கொண்டார்களாம்,
இருபத்தைந்து நாள் கழித்து
விட்ட இடத்திலிருந்தே ஆடி முடித்தார்களாம்.
என் விரல் அங்கே நின்றுவிட்டது.
விட்ட இடம்.
எந்தக் கடையின்
எந்தப் படி?

பதினொரு வரி ஆயிற்று.
சுகிர்தமலர் புரூஃப் பார்த்தாள்.
ஒற்றுப் பிழை இரண்டு, காற்புள்ளி ஒன்று.
பிறகு சிவப்புப் பேனையால், கேட்காமலே,
கீழே ஒரு வரி எழுதினாள்.
‘1983. கொழும்பு, டி சொய்சா மகப்பேற்று மனை.
பெண் குழந்தை, ஐந்தரை இறாத்தல்.’

பதினேழு வருடம் பக்கத்து மேசை,
எனக்குத் தெரியாது.
“அம்மாவின் கட்டில் அட்டையை
மிஸ்ஸி ஒருத்தி திருப்பி மாட்டிவிட்டாளாம்,” என்றாள்.
“மூன்று நாள் அம்மாவுக்குப் பெயரில்லை.
எனக்கு எப்படியும் இருக்கவில்லைதானே.”

இரவு எட்டு மணிக்கு
ஆடி மலிவு விற்பனை விளம்பரம்
அரை அங்குலம் வளர்ந்தது.
புடவைக் கடைக்காரருக்கு இல்லையென்று சொல்ல முடியுமா?
பன்னிரண்டாவது வரி போயிற்று.
அவள் பேனையை மூடினாள்.
“பரவாயில்லை. வருசா வருசம் போறதுதானே.”
கன்டீனில் இரண்டு பேற்றிஸ் வாங்கினாள்,
ஒன்றை என் பக்கம் தள்ளினாள்.
வாழ்த்துவதா என்று தெரியாமல்
சோஸ் கேட்டேன்.

காலையில் ஒரேயொரு தொலைபேசி.
தெஹிவளையிலிருந்து ஒருவர், நல்ல கோபம்.
அந்த விமானக்காரி பிறந்தது 1898 என்று
அவரிடமுள்ள பழைய புத்தகத்தில் இருக்கிறதாம்.
ஒரு பிறந்த திகதியை
இப்படியா பொறுப்பில்லாமல் போடுவது?

பார்க்கிறேன் ஐயா, என்றேன்.
குறித்துக்கொள்கிறேன்.